பிரின்சியின் வயசும் என் வாயும்

சனி, ஜூலை 19

ஆடிக் காற்று. பதினோரு மணிக்கே மண்டை பிளக்கும் வெயில். பட்டறைக்கு அரை நாள் லீவு. சூப்பர்வைசரிடம் சொன்ன காரணம்: உறவில் ஒரு சாவு. யார் என்றார். தூரத்துப் பெரியப்பா என்றேன். இந்த வருஷத்தில் சாகும் நான்காவது தூரத்துப் பெரியப்பா. எங்கள் வம்சத்துக்கு ஆண்டவன் பெரியப்பாக்களை மட்டும் அள்ளிக் கொடுத்திருக்கிறான்.

உண்மைக் காரணம்: அம்பத்தூர் கான்வென்ட் மைதானத்தில் த்ரோபால் அரையிறுதி. பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள். அக்கா மகள் பிரின்சி, பதினொன்றாம் வகுப்பு, ஜெர்சி எண் ஏழு.

வாகனம்: என் மொபெட், பெயர் ஐராவதம். அக்கா குடியிருக்கும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அம்பத்தூர் வருவதற்குள் மூன்று தடவை படுத்தது. தினமும் காலை ஆறு மணிப் பயிற்சிக்கும் இதே யானை, இதே பாகன். மச்சானுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட், அக்காவுக்கு முழங்கால். ஆகவே பிரின்சியின் தேரோட்டி, மெய்க்காப்பாளர், தண்ணீர் பாட்டில் தூக்கி, அகில உலக ரசிகர் மன்றத்தின் நிரந்தரத் தலைவர் எல்லாம் கள்ளிக்குப்பம் சவரிமுத்து என்கிற நான் ஒருவனே.

ஆட்டத்துக்கு முன், மாதா சிலை இருக்கும் குகைக் கெபி எதிரில் பன்னிரண்டு பெண்களும் ஒரு 'அருள்நிறை மரியே' செபம். கேப்டன் கவிதா மாதாவுக்கு ஒரு கும்பிடு, பந்துக்கு ஒரு கும்பிடு.

15-11, 12-15, 15-9. வென்றோம்! த்ரோபாலில் பந்தைத் தட்டக் கூடாது. பிடித்து மூன்று விநாடிக்குள் வலைக்கு மேலே திருப்பி எறியவேண்டும். பிரின்சி எறிந்தபோது காக்கைகள் தடம் மாறின. எதிரணிப் பெண் ஒருத்தி பந்தைப் பிடித்த வேகத்தில் பின்னாலேயே பூந்தமல்லி வரை போய், பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள்.

பக்கத்தில் ஒரு மனிதர். கூலிங்கிளாஸ், கையில் போன். எதிரணிப் பள்ளிக்காரர், பூந்தமல்லிப் பக்கம்.

"அந்த ஏழாம் நம்பர் சூப்பரா போடுது சார். எத்தினியாவது படிக்குது?"

"படிப்பா? அதெல்லாம் ஒரு காலம் சார். பத்தொம்போது முடிஞ்சு இருவது நடக்குது. ஒம்போதாங்கிளாஸே மூணு வாட்டி. போன தையில நிச்சயதார்த்தமே ஆயிடுச்சு. மாப்ள மஸ்கட்ல கீறாரு. கப்பு வாங்கினாத்தான் கழுத்த நீட்டுவேன்னுட்டா."

அவர் சிரிக்கவில்லை. "அப்டியா" என்று மட்டும் சொன்னார். கலையை அமைதியாக ரசிக்கும் ரகம் போல.

மாலை: மிளகாய்த்தூள் போட்ட கொய்யா இரண்டு. திரும்பும் வழி முழுக்க பிரின்சி பின்னால் உட்கார்ந்து பாட்டு. அடுத்த சனி இறுதிப் போட்டி. ஜெயித்தால் மாவட்டம். கவிதாவுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்க மாவட்டம் ஆடியே ஆகவேண்டுமாம்.


ஞாயிறு, ஜூலை 20

பூசை. பிரசங்கம் நீளம். அக்கா வீட்டில் மதியம் மீன் குழம்பு. பிரின்சி தோள் வலி என்றாள், தைலம். இந்தத் தோளை இன்ஷ்யூர் செய்யவேண்டும், லண்டனில் இருந்து ஆள் வருவார்கள் என்றேன்.

"மாமா, நீ கொஞ்சம் மூச்சு விடு."

மகிழ்ச்சியான நாள். வேறொன்றும் இல்லை.


திங்கள், ஜூலை 21

வானம் மூட்டம், மழை இல்லை. என் தலைக்குள் மட்டும் இடி.

பத்தே காலுக்கு லேத்தில் நிற்கும்போது போன். கான்வென்ட் தலைமை சிஸ்டர். "நீங்க உடனே வரணும் சவரி." ஐந்தாவது பெரியப்பாவையும் கொன்றுவிட்டு ஓடினேன்.

சிஸ்டர் மேஜையில் ஒரு புகார்க் கடிதம். பக்கத்தில் பி.டி. மிஸ்ஸின் போன். சிஸ்டர் தலையசைக்க, மிஸ் ஓடவிட்டார். படத்தில் மைதானம் ஆடுகிறது. மேலே ஒரு குரல்: பத்தொம்போது முடிஞ்சு இருவது. ஒம்போதாங்கிளாஸே மூணு வாட்டி. மஸ்கட். தாடையும் பாதிக் காதும் தெரிகின்றன. என் தாடை. என் காது.

"இது உங்க குரல்தானே?"

"குரல் என்னுதுதான் சிஸ்டர். அதுல இருக்கற விஷயந்தான் யாருதும் இல்ல."

சிரிக்கவில்லை. அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறிகூட.

வயதைக் குறைத்துக் காட்டி ஆட வைத்ததாகப் புகார். வெள்ளி காலை பத்து மணிக்கு மண்டல விளையாட்டுக் குழுவின் விசாரணை. வயதை நிரூபிக்காவிட்டால்:
- அரையிறுதி வெற்றி ரத்து
- இறுதியில் பூந்தமல்லிப் பள்ளி
- கான்வென்டின் எந்தப் பெண்கள் அணிக்கும் இரண்டு வருஷம் தடை. த்ரோபால், கோ-கோ, கபடி, வாலிபால், எல்லாம்

"ஆதார் அட்டை சிஸ்டர்?"

"அதை ஏத்துக்க மாட்டாங்களாம். ஸ்கூல் ரெக்கார்டும் நீங்க சொன்னதை நாங்க எழுதினதுதானே? பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க."

அப்பாடா, ஒரு காகிதம்தானே என்று வெளியே வந்தேன். வராந்தாவில் பன்னிரண்டு பேர், பயிற்சி உடையில். கேப்டன் கவிதா முன்னால் வந்தாள். அம்மாவுக்குத் தொழிற்பேட்டையில் தையல் கம்பெனி வேலை, அப்பா இல்லை.

"இன்னா மாமா, காமெடியா கீதா உனுக்கு? எங்க ஊட்ல அம்மா ஓவர்டைம் பாத்து ஷூ வாங்கிக் குட்த்துச்சு. இப்ப அந்த ஷூவ இன்னா பண்றது, சொல்லு."

குனிந்து ஷூவைப் பார்த்தேன். லேஸ் இன்னும் வெள்ளை.

பிரின்சி கடைசியில் நின்றிருந்தாள். கிட்டே போனேன்.

"நீ எதச் சொன்னாலும் நான் சிரிச்சேன் மாமா. அதான் தப்பு." அவ்வளவுதான். வகுப்புக்குப் போய்விட்டாள்.

மாலை, ஆவடி. அக்கா பீரோவிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். தேதி சரி. தாய், தந்தை பெயர் சரி. பாலினம்: பெண். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. வெறும் கோடு.

அக்கா என்னைப் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். எனக்கும் ஞாபகம் வந்தது. குழந்தைக்குப் பெயர் வைத்ததும், சான்றிதழில் சேர்த்துவிட்டு வா என்று என்னைத்தான் பிறப்புப் பதிவு ஆபீசுக்கு அனுப்பினார்கள். அன்று வரிசை நீளம். நான் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னது: "முடிச்சாச்சுக்கா. ஆபீசரே எந்திரிச்சு நின்னு கையெழுத்துப் போட்டாரு." அக்கா அப்படியே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டிவிட்டாள். பதினாறு வருஷம் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தம்பி சொன்னால் சரி என்ற நம்பிக்கை.

"எந்திரிச்சு நின்னாரு, இல்ல?" என்றார் மச்சான். திட்டியிருக்கலாம்.


செவ்வாய், ஜூலை 22

காலை 5.40. குவார்ட்டர்ஸ் வாசலில் ஐராவதத்தோடு நின்றேன். பிரின்சி என்னைத் தாண்டி நடந்து பஸ் ஏறினாள். பஸ்ஸுக்குப் பின்னால் அம்பத்தூர் வரை புகை குடித்துக்கொண்டே போனேன். ஜன்னலில் அவள் பின்னந்தலை. திரும்பவே இல்லை.

ஒன்பதரை. பெயர் சேர்க்கும் வரிசை. பதினாறு வருஷத்துக்கு முன் விட்டுவிட்டு ஓடிய அதே வரிசை என்றே தோன்றியது; முன்னால் நின்றவர்கூட அதே ஆள் போலிருந்தார். ஜன்னலில் ஒரு அம்மா.

"விண்ணப்பம் குடுத்துட்டுப் போங்க சார். விசாரிச்சு சேக்க பதினஞ்சு நாளாச்சும் ஆவும்."

"வெள்ளிக்கிழமை வேணும்மா. ஒரு பொண்ணோட உசிரு."

"ஆஸ்பத்திரியா?"

"த்ரோபால்."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மதியம் அக்கா போன். அழுகை. பதினேழாம் பிளாக் மலர் அக்கா வீடு தேடி வந்து, "எங்ககிட்டகூட சொல்லாம நிச்சயம் பண்ணிட்டியே, மாப்ள மஸ்கட்ல என்ன வேலை?" என்று கேட்டாளாம். வீடியோ குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. வகுப்பில் பிரின்சிக்குப் புதுப் பெயர்: மஸ்கட்.

நான் ஒரு பெண்ணைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. சொல்லும்போது விழவில்லை. நான் பேசும்போது என் காதுக்கு லீவு.

சாப்பாடு: இரண்டு வாய். தயிர் புளித்திருந்தது, அல்லது நான்.


புதன், ஜூலை 23

தூறல். விடியும்போதே ஒரு யோசனை. ஞானஸ்நானப் பதிவேடு! பிரின்சிக்குத் தண்ணீர் ஊற்றியது எங்கள் பங்குக் கோயிலில். பிறந்த தேதி, பெற்றோர், குழந்தையின் பெயர், எல்லாம் சாமியார் தன் கையால் எழுதிய பெரிய புத்தகம். சிஸ்டருக்குப் போன் போட்டேன். விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்: அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும், பங்குத்தந்தையின் ஒப்புதலும் கோயில் முத்திரையும் இருந்தால் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பார்ப்பார்களாம்.

கோயிலுக்குப் பறந்தேன். (ஐராவதம் அதிசயமாக ஒரே உதையில் கிளம்பியது. மாதாவின் முதல் கையொப்பம் என்று நினைத்தேன்.) கோயில் ஆபீசில், ஃபாதருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"புக்கு பீரோல கீது. சாவி என்கிட்ட கீது. ஆனா ஃபாதர் சொல்லாம தொறக்க மாட்டேன்."

"ஃபாதர் எங்கே?"

"தியானத்துக்குப் போயிருக்காரு. பூந்தமல்லி தாண்டி. சனிக்கிழமதான் வருவாரு."

"போன்?"

"அங்க போன் கெடையாது. பேச்சும் கெடையாது. மௌன தியானம் சவரி. எட்டு நாள் ஒரு வார்த்த பேசக் கூடாது. உன்னியெல்லாம் உள்ளயே உடமாட்டாங்க."

மூன்று மணி வரை கோயில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். செபம் வரவில்லை. நான் இதுவரை மாதாவிடம் சொன்னதிலும் பாதிக்கு மேல் மிகைதான்.

பட்டறையில் கைப்பிடி ஒன்றை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் கடைந்து கெடுத்தேன். சூப்பர்வைசர்: "என்னா நைனா, இன்னிக்கு யார் செத்தது?" யாரும் இல்லை என்றேன். அவர்தான் பயந்துபோனார்.


வியாழன், ஜூலை 24

நல்ல வெயில். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ பள்ளம், புழுதி, லாரி. ஐராவதம் கரையான்சாவடி தாண்டியதும் வீரமரணம். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளினேன். (இரண்டு என்று எழுதி அடித்தேன். ஒன்றரைதான்.)

தியான இல்லத்தின் வாசலில் ஒரு பலகை: மௌனம் காக்கவும். உள்ளே மாமரங்கள். ஏழெட்டுச் சாமியார்கள் ஆளுக்கொரு பக்கம் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். வரவேற்பில் ஒரு சிஸ்டர், உதட்டில் விரல். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் என் பக்கம் தள்ளினார். துண்டு என்றால், இரண்டு விரல் அகலம்.

அதில் எழுதுவதற்கு அரை மணி நேரம். முதலில் எழுதியது: "அகில இந்தியாவே எதிர்பார்க்கும்". அடித்தேன். பிறகு: "பன்னிரண்டு சிறுமிகளின் கண்ணீர்க் கடல்". அதையும் அடித்தேன். இடம் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சிய மூலையில்:

"நான் பொய் சொன்னேன். பிரின்சிக்கு 19 வயது என்று. ஞானஸ்நானப் பதிவு நகல் நாளை வேண்டும். சவரி."

சிஸ்டர் எடுத்துப் போனார். மாமரத்தடியில் ஃபாதர் படிப்பது தெரிந்தது. இரண்டு முறை படித்தார். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டே சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, சொல்ல முடியவில்லை. ஒரு முழுத் தாளில் உபதேசியாருக்கு இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதன் அடியில் எனக்கு ஒரு வரி: "இவ்வளவு சுருக்கமாக உன்னால் முடியுமா!"

ஐராவதத்தை ஒரு மெக்கானிக்கிடம் போட்டுவிட்டு பஸ். இரண்டரைக்கு கோயில். உபதேசியார் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து பீரோவைத் திறந்தார். சிவப்பு அட்டைப் புத்தகம். பக்கம் புரண்டது. இதோ: பிரின்சி மேரி. பிறந்த தேதி, மார்ச் 3. தாய், தந்தை. எல்லாம் பழைய ஃபாதரின் முத்து முத்தான எழுத்து. அழுகை வந்துவிட்டது.

அடுத்த கட்டம்: ஞானத்தந்தை. அதை மட்டும் ஞானத்தந்தையே எழுதவேண்டும் என்பது பழைய ஃபாதரின் வழக்கம். ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நின்ற ஞானத்தந்தை நான். என் கையெழுத்து.

சூ. சவரிமுத்து. தொழில்: கப்பல் கேப்டன்.

பக்கத்தில் ஒரு சின்ன நங்கூரம்கூட வரைந்திருக்கிறேன்.

அப்போது வயது இருபத்திரண்டு, லேத் பட்டறையில் எடுபிடி. பக்கத்தில் ஞானத்தாயாக நின்றது நர்சிங் படிக்கும் ஒரு பெண். அவள் எட்டிப் பார்ப்பாள் என்று எழுதினேன். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதினாறு வருஷம் கழித்து விளையாட்டுக் குழு பார்க்கப் போகிறது.

நகல் கடை. முத்திரையைக் கடைசியில் வைக்கலாம் என்று உபதேசியார் கூடவே வந்திருந்தார். கடைப் பெண்ணின் மேஜையில் வெள்ளை மை பாட்டில். உபதேசியார் தெருவில் யாருடனோ பேசப் போனார். பாட்டில் என் கையில். நகலின் அந்த ஒரு வரி மட்டும். பத்து விநாடி வேலை. மூடியைத் திறந்துவிட்டேன். வாசனைகூட வந்தது.

கடைப் பெண்: "தப்பா எழுதிட்டீங்களா அண்ணே?"

"ஆமாம்மா."

மூடினேன். ஏன் என்று தெரியாது. பெரிய மனமாற்றமெல்லாம் இல்லை. இன்னொன்றையும் மறைத்து, அதுவும் நாளைக்கு ஒருவர் போனில் வந்தால் பிரின்சியின் முகம் என்ன ஆகும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டேன்.

ஐந்து மணி, கான்வென்ட். சிஸ்டரிடம் முத்திரை வைத்த நகலையும் ஃபாதரின் கடிதத்தையும் கொடுத்தேன். "இதுலயும் ஒண்ணு இருக்கு சிஸ்டர். கடைசிக் கட்டம்."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் படித்தார். "நங்கூரம்?"

"ஆமா சிஸ்டர்."

"வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் கேட்டதுக்கு மட்டும் பதில். ஒரு வார்த்தை கூடக் கூடாது."


வெள்ளி, ஜூலை 25

விசாரணை. வியர்வை. பள்ளிக்கூட அறை ஒன்றில் நீள மேஜை, மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர், பெரிய மீசை. இந்தப் பக்கம் சிஸ்டர், பி.டி. மிஸ், பன்னிரண்டு பெண்கள், நான். அந்தப் பக்கம் கூலிங்கிளாஸ்காரர். பூந்தமல்லி அணியின் மேனேஜராம். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் சாது முகம்.

மறுபடி வீடியோ. பன்னிரண்டு பேர் எதிரில். "மஸ்கட்" வந்ததும் கோ-கோ மைதானத்திலிருந்து எட்டிப்பார்த்த யாரோ சிரித்தார்கள். பிரின்சி தரையைப் பார்த்தாள்.

பிறப்புச் சான்றிதழ், பெயர் இல்லை. பதிவேட்டு நகல். தலைவர் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். "தேதி, அப்பா, அம்மா ரெண்டுலயும் ஒண்ணாத்தான் இருக்கு."

மேனேஜர் எழுந்தார். "சார், கீழ பாருங்க. ஞானத்தந்தையே இந்த ஆளுதான். வீடியோல இருக்கறவரும் இவருதான். சாட்சியே இவருன்னா எத நம்புறது?"

நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியவில்லை. போச்சு என்று நினைத்தேன். கவிதா கையில் தன் ஷூவின் லேஸை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் எழுந்தார்.

"அவரை நம்பாதீங்க சார். நானும் அதைத்தான் கேக்கறேன். சவரி, உங்க தொழில் என்ன?"

"லேத் ஆபரேட்டர் சிஸ்டர்."

"கப்பல் ஓட்டியிருக்கீங்களா?"

"கடல்ல கால நனச்சதுக்கே..."

"ஓட்டியிருக்கீங்களா, இல்லையா?"

"இல்ல."

"சார், அந்தப் பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு. தேதியும் பேரும் ஃபாதர் எழுதினது. தொழில் இவர் எழுதினது. பதினாறு வருஷத்துக்கு முன்னாடியே இவர் இப்படித்தான். போன சனிக்கிழமையும் இப்படித்தான். இந்த மனுஷர் வாயால சொன்னதுக்குப் பன்னிரண்டு பிள்ளைங்களைத் தண்டிச்சீங்கன்னா, இவரைக் கப்பல்ல ஏத்தி ஓட்டவும் சொல்லணும்."

தலைவர் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். "நங்கூரம் வேற போட்ருக்கான்யா." மீசை ஆடியது. பிறகு தோள் ஆடியது. பிறகு மேஜையே ஆடியது. மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தீர்ப்பு: வயது சரி. அரையிறுதி வெற்றி நிற்கும். நான் சொன்னது முழுப் பொய் என்று எழுதி, எல்லோர் எதிரிலும் படிக்கவேண்டும். இந்தத் தொடர் முடியும்வரை மைதானத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது.

படித்தேன். ஒரு பெண்ணின் வயதையும் படிப்பையும் கல்யாணத்தையும் பற்றிப் பொய் சொன்னேன், அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான்கே வரி. இத்தனை வருஷத்தில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். முடித்து நிமிர்ந்தேன். பிரின்சி வெளியே போயிருந்தாள். எந்த வரியில் போனாள் என்று தெரியவில்லை.

வாசலில் மேனேஜர்: "தப்பா நெனச்சுக்காதீங்க சார். எங்க பொண்ணுங்களும் தோத்துட்டு அழுதுச்சுங்க. நீங்க அப்டி சொன்னீங்க, நான் நெசம்னு நெனச்சேன்."

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நம்பியது அவர் குற்றமா?


சனி, ஜூலை 26

காற்று. கான்வென்ட் கேட்டுக்கு வெளியே மூன்று மணியிலிருந்து. வாட்ச்மேன் ஏழுமலை கேட்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓரமா நின்னு பாக்கட்டுமா?"

"சிஸ்டர் சொல்லிக்கீறாங்க அண்ணாத்தே. மந்திரி வந்தா கேட்டுக்கினு உடு, சவரி வந்தா கேக்காமயே உடாதன்னு."

சுவர் எட்டடி. (அளந்தேன். உண்மையில் ஏழு.) பந்து தெரியவில்லை. விசில் கேட்டது. பாயிண்ட் எடுத்தால் நம் பிள்ளைகள் "ஹோ" என்று சேர்ந்து கத்துவார்கள். அவர்கள், திருமுல்லைவாயல் பக்கத்துப் பள்ளி, கை மட்டும் தட்டுவார்கள். சுவரில் காதை வைத்து எண்ணினேன்.

முதல் செட்: ஹோ பதினைந்து. நமக்கு.

இரண்டாவது: கைதட்டல், கைதட்டல், கைதட்டல். அவர்களுக்கு.

மூன்றாவது: ஹோ, தட்டல், ஹோ, ஹோ, தட்டல். பதிமூன்றுக்குப் பதிமூன்று என்பது என் கணக்கு. கொய்யாக்காரம்மா, "இன்னாத்துக்குய்யா செவுத்தக் கட்டிப் புடிச்சினு கீற?" என்றாள். விசில். தட்டல். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகிவிட்டேன், சட்டையெல்லாம் தண்ணீர். விசில். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டல், தட்டல், நிற்காமல் தட்டல்.

13-15.

மாவட்டம் இல்லை. என்னால் தோற்றார்களா? ஒரு வாரம் தூங்காத பிள்ளைகள். இதற்கு எந்தக் குழுவும் விசாரணை வைக்காது. நானே வைத்தேன். தீர்ப்பும் நானே.

ஐந்தரைக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். கவிதா முகம் வீங்கியிருந்தது. ஆனால் விடுதிக்கு ஆள் எடுக்கும் ஒருவர் பார்க்க வந்திருந்தாராம், அவள் பேரை நோட்டில் எழுதிக்கொண்டாராம். என்னைத் தாண்டும்போது சொன்னாள்: "மாமா, கடசி பந்து நான் உட்டுட்டேன். உன்னால ஒண்ணும் இல்ல. சும்மா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்காத."

பிரின்சி நேரே பஸ் ஸ்டாப். பின்னாலேயே போனேன். ஐராவதத்தை நேற்றுத்தான் மெக்கானிக் உயிர்ப்பித்துக் கொடுத்திருந்தார். அதைக் கொய்யா வண்டி ஓரத்தில் அநாதையாக விட்டேன். ஆவடி பஸ். ஏறினாள். ஏறினேன். அவள் பெண்கள் பக்கம் ஜன்னல், நான் இரண்டு சீட் பின்னால். இன்றும் பின்னந்தலைதான்.

கண்டக்டர் வந்தார். ஜெர்சியைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மேட்ச்சா? கெலிச்சீங்களா?"

"தோத்துட்டோம்ணே."

"அட. எப்டி?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"எதிர் டீம்ல எல்லாரும் ஏழடிண்ணே. ஒருத்திக்கு இருவத்தி நாலு வயசு, ரெண்டு புள்ள. கெரவுண்டு ஓரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு வந்து ஆடினா. புள்ள அழுதா ஆட்டிட்டு வந்து பந்தப் புடிச்சா."

"மெய்யாலுமா?"

அவசரமாகச் சுற்றிலும் பார்த்தேன், யாராவது போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்களா என்று.

பிரின்சி திரும்பவில்லை. கட்டைவிரலை மட்டும் தோளுக்கு மேலே பின்பக்கம் காட்டினாள்.

"வேணும்னா எங்க மாமாவக் கேளுங்க. அவரு கப்பல் கேப்டன். பொய் சொல்ல மாட்டாரு."

கண்டக்டர் என் ஈரச் சட்டையைப் பார்த்தார்.

"ஆவடி ஒண்ணு" என்றேன். "அவளுக்கு பாஸ் இருக்கு."